தாதியரும் கலாநிதியாகலாம்
பலெர்மோத் தமிழ்ப் பெற்றோர் அறிந்திருக்க வேண்டிய ஒரு கல்விப் பாதை

சிசிலித் தீவின் தலைநகரான பலெர்மோவின் பழைய நகர்ப் பகுதியில், போர்த்தா மொந்தால்தோ சதுக்கத்தில் சிறுவர்களுக்கெனத் தனியானதொரு வைத்தியசாலை அமைந்துள்ளது. ஜொவான்னி தி கிறிஸ்தினா என்ற குழந்தை மருத்துவரின் பெயரைத் தாங்கிய இவ்வைத்தியசாலையை நகர மக்கள் ‘ஒஸ்பெதாலே தெய் பம்பீனி’ என்றே அழைப்பர். குடியேறிகள் பெருமளவில் வாழும் பல்லறோச் சந்தைப் பகுதி இதற்கு அண்மையிலேயே உள்ளது. எண்பதுகளில், குறிப்பாக 1983ஆம் ஆண்டின் பின்னர், இந்நகரை நாடி வந்த எம்மவருள் நள்ளிரவிற் காய்ச்சலிற் கொதிக்கும் குழந்தையைத் தோளிற் சுமந்தவாறு இவ்வைத்தியசாலையின் வாயிலைத் தேடி ஓடியோர் பலர்.

அவ்வாயிலிற் குழந்தையை முதலிற் பார்ப்பவர் வைத்தியர் அல்லர், தாதியே. குழந்தையின் மூச்சையும் நாடித்துடிப்பையும் நிறத்தையும் அவதானித்து, எக்குழந்தை உடனடியாக உள்ளே செல்ல வேண்டும், எக்குழந்தை காத்திருக்கலாம் என்பதைக் கணித்து நிற அடையாளம் வழங்குபவரும் அவரே. இத்தகைய பொறுப்பைச் சுமக்கும் ஒருவர் எவ்வளவு தூரம் கற்க முடியும்? எமது பெற்றோரிற் பலர் ‘மூன்று ஆண்டுப் படிப்பு, அதன்பின் வேலை’ என்றே இதற்கு விடை கூறுவர். அந்த விடை இன்று பொருந்தாது. தாதியியலில் இளமாணி, முதுமாணி, கலாநிதி என மூன்று படிகளும் இத்தாலியில் உள்ளன. குழந்தைகளையும் குடும்பங்களையும் பராமரிக்கும் மேனிலைத் தாதியருக்கெனத் தனியான கலாநிதிப் பயிற்சிகள் அத்திலாந்திக்குக்கு அப்பால் வேரூன்றிவிட்டன. இவற்றைப் பற்றியும், எமது பிள்ளைகளுக்கு இவற்றால் ஆகக்கூடிய பயன் பற்றியும் இக்கட்டுரை ஆராய்கின்றது.

குழந்தைகளிடமிருந்து பிறந்த ஒரு தொழில்

ஆங்கிலத்தில் ‘நேர்ஸ் பிரக்ரிஷனர்’ எனப்படும் தொழிலை மேனிலைத் தாதி என நாம் குறிப்பிடலாம். நோயாளியைப் பரிசோதித்தல், நோயைக் கண்டறிதல், வழமையான நோய்களுக்குச் சிகிச்சை அளித்தல், மருந்து எழுதிக் கொடுத்தல் ஆகியவற்றை மேலதிகப் பயிற்சியின் பின்னர் தம் பொறுப்பிற் செய்யும் தாதியரே இவர்கள்.

இத்தொழில் பிறந்தது குழந்தைகளுக்காகவே என்பது குறிப்பிடத்தக்கது. 1965ஆம் ஆண்டு அமெரிக்காவின் கொலராடோப் பல்கலைக்கழகத்தில் லொரெற்றா போர்ட் என்ற தாதியும் ஹென்றி சில்வர் என்ற குழந்தை மருத்துவரும் இணைந்து முதலாவது பயிற்சித் திட்டத்தைத் தொடங்கினர். வைத்தியர்கள் செல்லாத கிராமப்புறங்களிலும் வறியோர் குடியிருப்புகளிலும் குழந்தைகள் கவனிப்பின்றி இருந்தமையே அதற்குக் காரணம். சுகதேகியான குழந்தையின் வளர்ச்சியைக் கண்காணித்தல், தடுப்பூசி, பொதுவான நோய்கள் ஆகியவற்றைப் பயிற்சி பெற்ற தாதியிடம் ஒப்படைத்தால் வைத்தியர் கடினமான நோய்களைக் கவனிக்கலாம் என்பது அவர்களது எண்ணம். தொடக்கத்தில் வைத்தியர்கள் மட்டுமன்றித் தாதியியற் பேராசிரியர்களுள்ளும் ஒரு சாரார் இதனை எதிர்த்தனர். எனினும் தொழில் நிலைத்தது. லொரெற்றா போர்ட் அம்மையார் 2025ஆம் ஆண்டு ஜனவரியில் தமது 104ஆவது வயதிற் காலமானபோது, அமெரிக்க மாநிலங்களிற் பாதிக்கும் மேற்பட்டவற்றில் மேனிலைத் தாதியர் வைத்தியரின் மேற்பார்வையின்றியே இயங்கும் முழு உரிமையைப் பெற்றிருந்தனர்.

காலப்போக்கில் இத்தொழில் கிளைகள் விட்டது. குழந்தைகளையும் வளரிளம் பருவத்தினரையும் மட்டும் கவனிப்போர் ஒரு பிரிவினர். பிறந்த குழந்தை முதல் முதியோர் வரை ஒரு குடும்பம் முழுவதையும் கவனிப்போர் மற்றொரு பிரிவினர். கனடாவின் ஒன்ராறியோ மாகாணம் 1997இல் நிறைவேற்றிய சட்டத்தின் மூலம் மேனிலைத் தாதியருக்கு அங்கீகாரம் அளித்தது. ரொறன்ரோவில் வாழும் எமது உறவினருள் இவர்களிடம் பிள்ளைகளைக் காட்டி வருவோர் உளர். பிரான்சில் 2018ஆம் ஆண்டு இத்தகைய உயர்நிலைத் தாதியருக்கான ஆணை பிறந்தது.

இரு வகைக் கலாநிதிகள்

தாதியியலில் இன்று இரு வகையான கலாநிதிப் பட்டங்கள் உள்ளன. இவற்றிடையேயான வேறுபாட்டைப் பெற்றோர் விளங்கிக்கொள்ளுதல் அவசியமாகும்.

முதலாவது ஆராய்ச்சிக் கலாநிதிப் பட்டம். புதிய அறிவைத் தேடுவது இதன் நோக்கம். இத்தாலியில் ‘தொத்தொராத்தோ தி ரிச்செர்கா’ எனப்படுவது இதுவே. இரண்டாவது தொழில்முறைக் கலாநிதிப் பட்டம். ஏற்கெனவே கண்டறியப்பட்ட அறிவை நோயாளியின் கட்டிலருகே கொண்டு சேர்ப்பது இதன் நோக்கம். அமெரிக்காவின் கென்ரக்கிப் பல்கலைக்கழகம் 2001ஆம் ஆண்டில் இத்தகைய கற்கையைத் தொடங்கியது. 2004 ஒக்ரோபரில் அமெரிக்கத் தாதியியற் கல்லூரிகளின் சங்கம், 2015ஆம் ஆண்டளவில் மேனிலைத் தாதியர் யாவருக்கும் இப்பட்டமே நுழைவுத் தகுதியாதல் வேண்டும் என்று தீர்மானித்தது. அந்த இலக்கு உரிய காலத்தில் எய்தப்படவில்லை. முதுமாணிப் பட்டத்துடன் தொழில் புரிவோர் இன்றும் உளர். ஆயினும் கலாநிதிக் கற்கைகள் பெருகி, நூற்றுக்கணக்கான கல்விக் கூடங்களுக்குப் பரவிவிட்டன.

இளமாணிப் பட்டம் பெற்ற தாதி ஒருவர் இத்தொழில்முறைக் கலாநிதிப் பட்டத்தை அடைவதற்கு முழுநேரக் கல்வியில் வழமையாக மூன்று முதல் நான்கு ஆண்டுகள் செல்லும். பல கற்கைகளில் குறைந்தது 1,000 மணித்தியாலங்களை நடைமுறைப் பயிற்சியிற் கழித்தாக வேண்டும். குழந்தைப் பராமரிப்பைத் தேர்ந்தோர் வளர்ச்சிப் படிகள், நிறைக்கேற்ற மருந்தளவு, தடுப்பூசி, ஆஸ்துமா போன்ற நீடித்த நோய்கள், பிள்ளைகளின் மனநலம் ஆகியவற்றை ஆழமாகக் கற்பர். இறுதியில், ஆய்வேட்டுக்குப் பதிலாக, ஒரு சிகிச்சை நிலையத்தில் உள்ள குறையொன்றை இனங்கண்டு அதனைத் திருத்தி, பலனை அளந்து காட்டும் செயற்றிட்டம் ஒன்றை நிறைவு செய்ய வேண்டும்.

இதனை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். ஒரு நகர்ப் பகுதியிற் குடியேறிகளின் குழந்தைகள் வளர்ச்சிப் பரிசோதனைகளுக்கு ஒழுங்காக வருவதில்லை எனக் கொள்வோம். ஆராய்ச்சிக் கலாநிதி அதற்கான காரணங்களை முறைப்படி ஆராய்ந்து அறிவுலகுக்கு அறியத் தருவார். தொழில்முறைக் கலாநிதியோ பரிசோதனை நேரத்தைத் தாய்மாரின் வேலை நேரத்துக்கு ஏற்ப மாற்றுவார். அழைப்புக் கடிதத்தைத் தமிழிலும் வங்காளத்திலும் அனுப்புவார். ஆறு மாதங்களின் பின் வருகை கூடியுள்ளதா எனக் கணக்கிட்டுப் பார்ப்பார். இரண்டும் தேவையானவை, ஒன்றையொன்று தாங்கி நிற்பவை.

இத்தாலியின் நிலை

இத்தாலியில் மேனிலைத் தாதி என்ற சட்டபூர்வமான தொழில் இல்லை. மருந்து எழுதும் அதிகாரம் வைத்தியர்களிடமே உள்ளது. பிள்ளைகளைப் பொறுத்தவரை, பதினான்கு வயது வரை ‘பெதியாத்ரா’ எனப்படும் குடும்பக் குழந்தை மருத்துவர் ஒருவர் நியமிக்கப்படுவது இந்நாட்டின் சிறப்பாகும். பல நாடுகளில் இத்தகைய வசதி இல்லை. எனினும் ஓய்வு பெற்றுச் செல்லும் குழந்தை மருத்துவர்களின் இடங்கள் நிரப்பப்படாத நிலை நாட்டின் பல பாகங்களிலும் தோன்றியுள்ளதால், தாதியரின் பங்கு குறித்த சிந்தனை இங்கும் வலுப்பெற்று வருகின்றது.

கடந்த மூன்று தசாப்தங்களில் இத்தாலியத் தாதியர் அடைந்த முன்னேற்றம் சாதாரணமானதன்று. முன்னர் வைத்தியசாலைகளைச் சார்ந்த பாடசாலைகளிலேயே தாதியர் பயிற்றப்பட்டனர். 1992ஆம் ஆண்டின் சட்ட ஆணை அப்பயிற்சியைப் பல்கலைக்கழகத்துக்கு மாற்ற வழிவகுத்தது. 1994இல் தாதியின் தொழில் வரைவும், 1997இல் குழந்தைத் தாதியின் தொழில் வரைவும் அமைச்சின் ஆணைகளாக வெளிவந்தன. 1999ஆம் ஆண்டின் 42ஆம் இலக்கச் சட்டம், தாதியர் தொழிலை ‘துணைத் தொழில்’ என இழித்துரைத்த சொல்லை நீக்கியதோடு, இன்னின்ன வேலைகளை மட்டுமே தாதியர் செய்யலாம் எனப் பட்டியலிட்டிருந்த பழைய விதிகளையும் இரத்துச் செய்தது. 2018ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டம் தாதியர் சங்கங்களை வைத்தியர் சங்கங்களைப் போன்றே ‘ஓர்தினே’ என்ற தகுதிக்கு உயர்த்தியது.

‘குடும்பத் தாதி’ என்ற கருத்தை உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2000ஆம் ஆண்டு ஜூனில் மியூனிச் நகரில் நடத்திய மாநாடு வலியுறுத்திற்று. இத்தாலியில் அது நாடளாவிய சட்டத்தில் இடம்பெறுவதற்கு 2020ஆம் ஆண்டின் கொரோனாப் பேரிடர் தேவைப்பட்டது. 2022ஆம் ஆண்டின் 77ஆம் இலக்க அமைச்சு ஆணை, 3,000 குடிமக்களுக்கு ஒரு குடும்ப, சமூகத் தாதி வீதம் இருத்தல் வேண்டும் என அளவு வகுத்துள்ளது. பலெர்மோ மாநகரின் சனத்தொகை ஆறு இலட்சத்துக்கும் அதிகமாகும். இக்கணக்கின்படி இந்நகருக்கு மட்டும் சுமார் 200 குடும்பத் தாதியர் தேவை. வீடு தேடிச் சென்று முதியோரையும் தாய்மாரையும் குழந்தைகளையும் கவனிப்பதும், அவர்களை உரிய சேவைகளுடன் இணைப்பதும் இவர்களது பணி. இந்த 200 பேரில் எமது மொழி பேசுவோர் எத்தனை பேர் இருக்கப் போகின்றனர் என்பதே எம் முன் உள்ள வினா.

மொழி அறிந்த தாதியின் பெறுமதி

பலெர்மோத் தமிழரிற் பெரும்பாலோர் வீட்டுப் பணியாளராகவும் முதியோரைப் பராமரிப்போராகவும் உழைத்து வருகின்றனர். நாளெல்லாம் பிறர் வீட்டு முதியோருக்கு மருந்து கொடுத்து, அவர்களை நீராட்டி, உணவூட்டிவரும் இவர்கள், தம் பிள்ளைக்கு நோய் வரும்போது வைத்தியர் கூறுவதை முழுமையாக விளங்கிக்கொள்ள இயலாது தவிக்கின்றனர். அவ்வேளைகளில் மொழிபெயர்ப்பாளராக நிற்பது அனேகமாக அவ்வீட்டின் மூத்த பிள்ளையே. பத்து வயதுச் சிறுமி ஒருத்தி தாயின் கருச்சிதைவையோ, தம்பியின் கொடிய நோயையோ இருபுறமும் மொழிபெயர்க்க நேர்வது எத்துணைக் கொடுமை என்பதை விளக்க வேண்டியதில்லை. சொல்லத் தெரியாததைப் பிள்ளை விட்டுவிடும். சொல்லக் கூசுவதைத் தாய் மறைத்துவிடுவாள். வைத்தியரோ எல்லாம் விளங்கிவிட்டதென எண்ணி மருந்தை எழுதுவார்.

மொழியோடு பழக்கவழக்கங்களும் இணைந்துள்ளன. பிறந்த குழந்தையின் நாவிற் தேன் தொட்டு வைக்கும் வழக்கம் எம்மவரிடையே உண்டு. ஒரு வயதுக்குட்பட்ட குழந்தைக்குத் தேன் கொடுப்பதால், உயிராபத்தை விளைவிக்கும் ‘பொற்றுலிசம்’ என்ற நச்சு நோய் ஏற்படலாம் என்பதை இன்றைய மருத்துவம் அறிந்துள்ளது. கண்ணுக்கு இடும் மை வகைகள் சிலவற்றில் ஈயம் கலந்திருப்பதும் கண்டறியப்பட்டுள்ளது. எமது வழக்கங்களை அறியாத தாதிக்கு இவை பற்றிக் கேட்கவே தோன்றாது. அறிந்த தாதியோ தாயின் மனம் நோகாமல் கேட்டு, எதைக் கைவிட வேண்டும், எதைத் தாராளமாகத் தொடரலாம் என எடுத்துரைப்பார்.

இன்னுமொன்றை ஈண்டுக் குறிப்பிடல் வேண்டும். வீட்டில் தமிழும் பாடசாலையில் இத்தாலியமும் பேசுவதாற் பிள்ளையின் பேச்சு பிந்திவிடும் என்று அஞ்சி, தமிழைக் கைவிடும் பெற்றோர் உளர். இரு மொழிச் சூழல் பேச்சுத் தாமதத்துக்குக் காரணமாவதில்லை என்பதே ஆய்வாளரின் முடிபு. இரு மொழிகளிலுமே ஒரு பிள்ளை பின்தங்கியிருந்தால் அதற்கு வேறு காரணம் தேட வேண்டும்; செவிப்புலனைப் பரிசோதிக்க வேண்டும். ஆனால் அப்பிள்ளை தமிழிற் சரளமாகப் பேசுகின்றதா என்பதைத் தமிழ் அறியாத ஒருவர் எவ்வாறு கணிப்பார்? தமிழ் அறிந்த குழந்தைத் தாதியின் இடத்தை எந்தக் கருவியாலும் எளிதில் நிரப்ப முடியாது.

படிப்படியாக ஏறும் வழி

பலெர்மோப் பல்கலைக்கழகம் 1806ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. அதன் போதனா வைத்தியசாலை, 1982 ஓகஸ்ட் 11ஆம் நாள் மாபியாக் கும்பலாற் கொல்லப்பட்ட சட்ட மருத்துவப் பேராசிரியர் பாவுலோ ஜக்கோனேயின் பெயரைத் தாங்கி நிற்கின்றது. இப்பல்கலைக்கழகத்தில் தாதியியலுக்கான மூன்றாண்டு இளமாணிக் கற்கையும், தாதியியல், மகப்பேற்றியல் விஞ்ஞானங்களுக்கான ஈராண்டு முதுமாணிக் கற்கையும் உள்ளன.

இளமாணிக் கற்கை 180 புள்ளிகளைக் கொண்டது. அவற்றில் 60 புள்ளிகள் வைத்தியசாலைப் பயிற்சிக்குரியவை. அனுமதி மட்டுப்படுத்தப்பட்டது, நுழைவுத் தேர்வு உண்டு. இறுதித் தேர்வே தொழில் புரிவதற்கான அரச தகுதித் தேர்வாகவும் அமையும். அதன் பின் ஓர்தினேயிற் பதிவு செய்து தாதியாகத் தொழில் தொடங்கலாம். அடுத்து 120 புள்ளிகள் கொண்ட ஈராண்டு முதுமாணிக் கற்கை. அதற்குப் பின்னரே குறைந்தது மூன்று ஆண்டுகள் கொண்ட கலாநிதிக் கற்கை. அதற்கான தெரிவு பகிரங்கப் போட்டியின் மூலம் நடைபெறும். போட்டியில் உயர்ந்த இடத்தைப் பெறுவோருக்கு உதவித்தொகையும் உண்டு. உரோமில் உள்ள தோர் வெர்காத்தாப் பல்கலைக்கழகம் தாதியியல் விஞ்ஞானத்திலேயே கலாநிதிக் கற்கையை வழங்குவதில் இந்நாட்டில் முன்னோடியாகும். பொதுச் சுகாதாரம், மருத்துவ விஞ்ஞானம் ஆகிய துறைகளின் கலாநிதிப் போட்டிகளிலும் முதுமாணிப் பட்டம் பெற்ற தாதியர் பங்குபற்றலாம்.

ஆக, மூன்றும் இரண்டும் மூன்றும் கூட்ட எட்டு ஆண்டுகள். குழந்தை மருத்துவராவதற்கு மருத்துவப் படிப்பு ஆறு ஆண்டுகளும் சிறப்புப் பயிற்சி ஐந்து ஆண்டுகளுமாகப் பதினோர் ஆண்டுகள் தேவை. இவ்விரு பாதைகளுக்கும் உள்ள முக்கிய வேறுபாடு, தாதியியலில் மூன்றாம் ஆண்டின் முடிவிலேயே சம்பளம் பெறும் தொழில் கைக்கு வந்துவிடுகின்றது என்பதாகும். குடும்பத்தைத் தாங்கியவாறே மேற்படிப்பைத் தொடரலாம். எமது குடும்பங்களின் பொருளாதார நிலையில் இது சிறிய நன்மையன்று.

பெற்றோர் ஏமாறக்கூடிய இடங்கள் மூன்று

முதலாவது, ‘மாஸ்ரர்’ என்ற சொல். இத்தாலியில் ‘மாஸ்ரர் முதலாம் நிலை’ எனப்படுவது 60 புள்ளிகள் கொண்ட ஓராண்டுப் பயிற்சி. குடும்பத் தாதியியல், குழந்தைப் பராமரிப்பு போன்ற துறைகளில் இது பயனுள்ளதே. ஆனால் இங்கிலாந்திலோ கனடாவிலோ முதுமாணி எனப்படும் பட்டத்துக்கு இது நிகரானதன்று. கலாநிதிக் கற்கைக்கு இது கதவைத் திறக்காது. அதற்கு ‘லாவுரேயா மஜிஸ்திராலே’ எனப்படும் ஈராண்டுப் பட்டமே வேண்டும். இவ்வேறுபாட்டை அறியாது பணத்தையும் காலத்தையும் செலவிட்ட பின் வருந்துவதிற் பயனில்லை.

இரண்டாவது, குழந்தைத் தாதிக்கெனத் தனியாக உள்ள இளமாணிப் பட்டம். ஒரு சில பல்கலைக்கழகங்களில் மட்டுமே இது உண்டு. ஐரோப்பிய ஒன்றியத்தின் 2005ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் பணிப்புரையின்படி, நாடுகளுக்கிடையே தன்னியக்கமாக அங்கீகரிக்கப்படுவது பொதுத் தாதியர் பட்டமேயாகும். குழந்தைத் தாதியின் பட்டம் அவ்வாறு அங்கீகரிக்கப்படுவதில்லை. பிரான்சிலோ ஜேர்மனியிலோ நோர்வேயிலோ உள்ள உறவினரிடம் பின்னொரு காலத்திற் சென்று வாழ எண்ணும் குடும்பத்துப் பிள்ளை, முதலிற் பொதுத் தாதியியலைக் கற்று, பின்னர் குழந்தைப் பராமரிப்பிற் சிறப்புப் பெறுவதே உசிதம். பிரித்தானியா ஒன்றியத்தை விட்டு விலகிவிட்டமையால் அங்கு தனியான பதிவு முறை உண்டு என்பதையும் நினைவிற் கொள்க.

மூன்றாவது, ‘தொத்தொரெஸ்ஸா’ என்ற பட்டப்பெயர். 2004ஆம் ஆண்டின் ஆணைப்படி, மூன்றாண்டுப் பட்டம் பெற்ற எவரும் இத்தாலியில் ‘தொத்தொரே’ அல்லது ‘தொத்தொரெஸ்ஸா’ என அழைக்கப்படும் உரிமை பெறுகின்றார். கலாநிதி ‘தொத்தொரே தி ரிச்செர்கா’ எனப்படுவார். எனவே மகளை அயலவர் தொத்தொரெஸ்ஸா என அழைப்பதைக் கொண்டு அவள் கலாநிதியாகிவிட்டாள் என்றோ, வைத்தியராகிவிட்டாள் என்றோ கருதுதல் தவறு. கலாநிதிப் பட்டம் பெற்ற தாதியும் வைத்தியர் அல்லர். அவர் தமது துறையில் உச்சத்தை அடைந்த தாதி. அத்தகுதியே போதிய பெருமையுடையது.

செலவும் சட்டமும்

பணமின்மை காரணமாக இப்பாதையைக் கைவிட வேண்டியதில்லை. அரச பல்கலைக்கழகங்களில் ‘இஸே’ எனப்படும் குடும்ப வருமான மதிப்பீடு 22,000 யூரோவுக்கு மேற்படாத மாணவருக்குக் கல்விக் கட்டண விலக்கு அளிக்க 2021ஆம் ஆண்டின் ஆணை வழிசெய்தது. பிந்திய ஆண்டுகளிற் கல்வி முன்னேற்றம் தொடர்பான நிபந்தனைகளும் உண்டு. சிசிலியில் ‘எர்சு’ என்ற பிராந்திய நிறுவனம் உதவித்தொகை, விடுதி, உணவு ஆகியவற்றுக்கான போட்டி விண்ணப்பங்களை ஆண்டுதோறும் கோருகின்றது. இறுதித் திகதியைத் தவறவிடுவதாலேயே இவ்வுதவிகளை இழப்போர் உளர் என்பதால், கோடை விடுமுறைக்கு முன்னரே இஸேப் பத்திரத்தைத் தயார் செய்து வைத்தல் நன்று.

அரச வைத்தியசாலை வேலைக்கு இத்தாலியப் பிரசாவுரிமை வேண்டும் என்ற அச்சமும் பலரிடம் உள்ளது. 2013ஆம் ஆண்டின் 97ஆம் இலக்கச் சட்டம், நீண்டகால வதிவிட அனுமதி உடையோருக்கும் அகதி அந்தஸ்துப் பெற்றோருக்கும் துணைப் பாதுகாப்புப் பெற்றோருக்கும் அரச வேலைப் போட்டிகளிற் பங்குபற்றும் உரிமையை வழங்கியுள்ளது.

தாயகத்திற் தாதியாகப் பயின்று, இங்கு வந்து வீட்டு வேலை செய்துவரும் சகோதரிகளும் எம்மிடையே உளர். வெளிநாட்டுத் தாதியர் தகைமையைச் சுகாதார அமைச்சே அங்கீகரிக்கின்றது. இத்தாலிய மொழி அறிவும் பரீட்சிக்கப்படும். போரினாற் சான்றிதழை இழந்தோர் மனந்தளர வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டின் 251ஆம் இலக்கச் சட்ட ஆணை, தம் நாட்டிலிருந்து சான்றிதழ் பெற இயலாமையை நிரூபிக்கும் அகதிகளின் தகைமைகளை மதிப்பிடுவதற்கு ஏற்ற முறைகளை வகுக்குமாறு நிர்வாகங்களைப் பணிக்கின்றது. எனவே இரத்துச் செய்யப்பட்ட கடவுச்சீட்டு, பழைய சம்பளப் பத்திரம், பயிற்சிக்காலக் கடிதங்கள் என எஞ்சியிருக்கும் ஒவ்வொரு தாளையும் பேணிக் காத்தல் வேண்டும்.

பிள்ளைகளின் மருத்துவ உரிமையைப் பற்றியும் இவ்விடத்தில் நினைவூட்டுதல் பொருத்தமானது. புகலிடம் கோரியோர் தேசிய சுகாதாரச் சேவையிற் பதிவு செய்துகொள்ளும் உரிமை உடையவர்கள். வதிவிட அனுமதி அற்றோருக்கு 1998ஆம் ஆண்டின் சட்டம் ‘எஸ்.ரி.பி.’ என்ற குறியீட்டின் மூலம் அவசர, அத்தியாவசிய சிகிச்சையை உறுதி செய்கின்றது; சட்டம் கட்டாயப்படுத்தும் விசேட சந்தர்ப்பங்களைத் தவிர, வைத்தியசாலை அவர்களைப் பற்றிப் பொலிசாருக்கு அறிவித்தலாகாது. 2017ஆம் ஆண்டின் ஆணை, வதிவிட அனுமதி அற்ற பெற்றோரின் பிள்ளைகளுக்கும் ஏனைய பிள்ளைகளுக்குரிய மருத்துவக் கவனிப்பை உரிமையாக்கியது. ‘பெர்மெசோ’ இல்லை என்ற காரணத்தால் எந்தப் பிள்ளையையும் வீட்டில் நோயுடன் கிடத்தி வைக்க வேண்டியதில்லை.

எமக்குப் புதியதன்று

மருத்துவக் கல்வியும் குழந்தைப் பராமரிப்பும் எமது சமூகத்துக்குப் புதியவையல்ல. 1847இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மிசன் வைத்தியர் சாமுவேல் கிறீன் மானிப்பாயில் மேனாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவ நூல்களையும் தமிழாக்கினார். இணுவிலில் 1898இல் மகளிருக்கும் குழந்தைகளுக்குமென மக்லியோட் வைத்தியசாலை எழுந்தது. தமிழகத்தின் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, இந்தியாவில் தாதியியலைப் பட்டப்படிப்பாக்கிய முதல் நிறுவனங்களுள் ஒன்றாக, 1946இலேயே இளமாணிக் கற்கையைத் தொடங்கிற்று. இந்தியத் தாதியர் பேரவை, 2016ஆம் ஆண்டையொட்டித் தீவிர சிகிச்சைத் துறையில் மேனிலைத் தாதியருக்கான முதுமாணிக் கற்கையையும் வகுத்தது.

பலெர்மோச் சிறுவர் வைத்தியசாலைக்குத் தம் பெயரை ஈந்த தி கிறிஸ்தினாவின் வரலாறும் இங்கு கருதத்தக்கது. அவரும் கறோனியா என்ற மருத்துவரும் 1915ஆம் ஆண்டில், மத்தியதரைக் கடலோரக் குழந்தைகளைக் கொன்றுவந்த ‘காலா அசார்’ என்னும் நோயை அந்திமனி உப்பினாற் குணப்படுத்திக் காட்டினர். அதே நோய் வங்காளத்திலும் அசாமிலும் மக்களை வாட்டியது. இருபதுகளிற் கல்கத்தாவில் உபேந்திரநாத் பிரமச்சாரி அதே அந்திமனியிலிருந்து மேலும் பாதுகாப்பான மருந்தொன்றைக் கண்டறிந்தார். சிசிலிக் குழந்தையின் கட்டிலருகே தொடங்கிய அறிவு இந்தியக் குழந்தையின் கட்டிலருகே முதிர்ச்சி அடைந்தது. நோய்க்கும் கல்விக்கும் எல்லைகள் இல்லை.

ஆடியிலும் புரட்டாதியிலும் சைவரும் கத்தோலிக்கருமாக எம்மவர் பெல்லெகிறினோ மலையேறிப் புனித றொசாலியாவின் முன் நின்று தம் பிள்ளைகளின் நலத்துக்காக நேர்ந்து கொள்கின்றனர். 1624ஆம் ஆண்டின் கொள்ளைநோயிலிருந்து இந்நகரைக் காத்தவர் என அப்புனிதையைப் பலெர்மோ மக்கள் போற்றுவர். அந்த நேர்த்தியோடு, பிள்ளைகளின் கல்வி பற்றிய தெளிவான தீர்மானம் ஒன்றையும் வீட்டில் எடுத்தல் நலம். மேல்நிலைப் பாடசாலையின் இறுதி ஆண்டுகளில் உள்ள மகளோ மகனோ தாதியியல் கற்க விரும்புவதாகக் கூறினால், ‘வைத்தியராக முடியாதவர்தானே தாதியாவது’ என்ற பழைய சொல்லால் அவ்விருப்பத்தை முறித்துவிடலாகாது. அப்பாதையின் முடிவில் கலாநிதிப் பட்டம் உண்டு. அதன் நடுவழியில் எமது குழந்தைகளின் நோயை எமது மொழியிற் கேட்டறியும் ஒருவர் இருப்பார். இவ்வாண்டு நுழைவுத் தேர்வுக்கான விண்ணப்பத் திகதியை இன்றே விசாரித்து, நாட்காட்டியிற் குறித்து வையுங்கள்.